கைகொடுக்க முன்னம்: தோற்றதாகத் தெரியும் செஸ் ஆட்டத்தைப் பழுதுபார்க்கும் முறை

சனிக்கிழமை பின்னேரங்களில் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் செஸ் விளையாட வருவார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்தும் வருவார்கள், காத்தான்குடியிலிருந்து சைக்கிள் மிதித்தும் வருவார்கள். இத்தனை வருடத்தில் நான் அவர்களுக்குத் தொடக்க நகர்வுகள் சொல்லிக்கொடுத்ததைவிட, தோல்வியை ஒப்புக்கொண்டு எதிராளிக்குக் கைகொடுக்க நீண்ட கையைப் பிடித்து நிறுத்தியதுதான் கூட. “சேர், முடிஞ்சுது” என்பார்கள். பலகையைப் பார்த்தால் பாதி நேரம் முடிந்திருக்காது.

மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகவில்லை என்று கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனால், எடுத்த எடுப்பில் எஞ்சினைக் கழற்றமாட்டார்கள். பெற்றோல் இருக்கிறதா, பிளக்கில் நெருப்பு வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். தோற்ற ஆட்டத்துக்கும் அப்படி ஒரு ஒழுங்கு உண்டு. எந்த அறிகுறி தெரிகிறதோ அதற்குரிய இடத்தில் தேட வேண்டும். எல்லா இடத்திலும் தேடுவதற்கு மணிக்கூடு விடாது.

வாசிக்கும்போது பக்கத்தில் ஒரு பலகையை வைத்துக்கொள்ளுங்கள். டி4 என்றால் வெள்ளையின் பக்கமிருந்து பார்க்க இடமிருந்து நாலாவது நெடுவரிசையில் (ஏ, பி, சி, டி) கீழிருந்து நாலாவது கட்டம். ராஜாவுக்கு ஆபத்து என்றால் செக், அதிலிருந்து தப்பவே வழியில்லை என்றால் மேட். கோட்டை என்று நான் எழுதுவதைச் சில வீடுகளில் யானை என்பார்கள், குழம்ப வேண்டாம்.

அறிகுறி 1: “முடிஞ்சுது” என்று மனம் சொல்கிறது, ஆனால் எப்படி முடியும் என்று சொல்லத் தெரியவில்லை

இதுதான் அடிக்கடி வருவது. சோதனை மிகச் சுலபம். எதிராளி அடுத்து எந்தக் காயை எந்தக் கட்டத்தில் வைப்பார், அதற்குப் பிறகு என்ன செய்வார் என்று மனதுக்குள் பெயர் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாவிட்டால் உங்களுக்கு வந்திருப்பது பயம் மட்டும்தான். பலகையில் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை.

பெரிய ஆட்களுக்கே இது நடந்திருக்கிறது. 1902இல் மொண்டே கார்லோ போட்டியில் போப்பியல் வெள்ளை, மார்கோ கறுப்பு. மார்கோவின் பிஷப் டி4இல் நிற்கிறது. அதற்கு முன்னால் டி3இல் வெள்ளை ராணி, பின்னால் டி7இல் மார்கோவின் கோட்டை. பிஷப் விலகினால் கோட்டை போகும், விலகாவிட்டால் பிஷப் போகும். மார்கோ விட்டுக்கொடுத்துவிட்டார். உண்மையில் அந்த பிஷப்பைத் தூக்கி ஜி1இல், வெள்ளை ராஜாவின் பக்கத்திலேயே வைத்திருந்தால் ஆட்டம் மார்கோவுக்கு! மார்கோவின் ராணி எச்2இல் மேட் என்ற மிரட்டல் ஒன்று, டி வரிசை திறந்து வெள்ளை ராணி அகப்படுவது மற்றொன்று. வெள்ளை ராணி கோட்டையை எடுத்தால் எச்2இல் மேட். சமநிலைக்குத் தப்புவதுகூட இல்லை, வெல்லுகிற ஆட்டத்தை அவர் விட்டுக்கொடுத்தார்.

1997 மே மாதம் நியூயோர்க்கில் டீப் புளூ கணினியோடு ஆடிய இரண்டாவது ஆட்டத்தில் கஸ்பரோவும் விட்டுக்கொடுத்தார். ராணியை ஈ3க்குக் கொண்டுபோயிருந்தால் தொடர்ந்து செக் கொடுத்து ட்ரோ (சமநிலை) எடுக்க வழி இருந்தது என்று அடுத்த நாள் அவருடைய ஆட்களே அவரிடம் சொன்னார்கள். கணினி பிழைவிடாது என்ற நினைப்பில் அவர் மேற்கொண்டு தேடவில்லை. நம் பிள்ளைகளும் இதைத்தான் செய்கிறார்கள். வலயமட்டப் போட்டியில் எதிரே இருக்கிற பிள்ளை மாகாணமட்டத்தில் பரிசு வாங்கியது என்று யாரோ காதில் சொல்லியிருந்தால் போதும். அந்தப் பிள்ளை விடுகிற பிழைகூட இவர்கள் கண்ணுக்குத் தெரியாது.

அறிகுறி 2: அடுத்த நகர்வில் மேட், தடுக்க வழி தெரியவில்லை

மேட் விழப்போகிற கட்டம் எது என்று விரலை வைத்துப் பாருங்கள் (மனதுக்குள்தான், காயைத் தொட்டால் நகர்த்த வேண்டிவரும்). பிறகு இந்த வரிசையில் தேடுங்கள்: எனக்குச் செக் கொடுக்க முடியுமா? எதையாவது வெட்ட முடியுமா? அந்தக் கட்டத்தை இன்னொரு காய் காக்குமா? ராஜா வெளியேற ஓட்டை போட முடியுமா? மாரியில் வாவி நிரம்பி வீடுகளுக்குள் தண்ணீர் வரும்போது முகத்துவாரத்தில் மணல்திட்டை வெட்டிவிடுவார்கள் அல்லவா, கடைசிக் கேள்வி அந்த வேலைதான். எச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவதில் தப்பிய ராஜாக்கள் கொஞ்சநஞ்சமல்ல.

இந்த நாலில் பிள்ளைகள் தவறவிடுவது முதலாவதை. “செக் கொடுத்து என்ன பயன் சேர், அவர் விலகிடுவார்” என்பார்கள். விலகட்டும். செக் கொடுத்தது அவருடைய ராஜாவைப் பிடிக்க இல்லை. உங்கள் காய் ஓசியில் ஒரு நல்ல கட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்கு.

முக்கியமான காய்களை மட்டும் வைத்துப் பாருங்கள். நீங்கள் கறுப்பு. ராஜா ஜி8, கோட்டை எஃப்8, ராணி பி6, சிப்பாய்கள் ஈ6, எஃப்7, எச்7. வெள்ளைக்கு ராஜா ஜி1, ராணி எச்6, சிப்பாய்கள் எஃப்6, எஃப்2, ஜி2, எச்3. வெள்ளை ராணி ஜி7க்கு வந்தால் மேட். உங்கள் ராணிக்கு ஜி7ஐக் காக்க நேர்வழி இல்லை. ஆறாவது வரிசையில் போகலாம் என்றால் உங்கள் ஈ6 சிப்பாயே குறுக்கே நிற்கிறது. இப்போது ராணியைக் கீழே பி1க்கு இறக்குங்கள், செக். வெள்ளை ராஜா எச்2க்கு விலகும். பி1இலிருந்து மூலைவாட்டில் பாருங்கள்: சி2, டி3, ஈ4, எஃப்5, ஜி6. ராணி ஜி6க்கு வந்து நின்றதும் ஜி7க்குக் காவல் வந்துவிட்டது, எதிராளியின் ராணிக்கும் ஆபத்து. ஒரே நகர்வில் போக முடியாத இடத்துக்குச் செக்கை வழியாக்கி இரண்டு நகர்வில் போயிருக்கிறீர்கள். எதிராளிக்கு இடையில் மேட் கொடுக்க நேரமே கிடைக்கவில்லை.

அறிகுறி 3: ராஜாவுக்கு நகர ஒரு கட்டமும் இல்லை

இது கெட்ட செய்தி மாதிரித் தெரியும். எனக்கென்றால் இந்த அறிகுறியைக் கண்டவுடன் சந்தோஷம் வரும். ராஜா நகர முடியாது, செக்கும் இல்லை, மற்றக் காய்களும் நகர முடியாது என்றால் ஸ்டேல்மேட். ஆட்டம் அந்த இடத்திலேயே ட்ரோ. எதிராளி எத்தனை காய் கூட வைத்திருந்தாலும் சரி.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: ராஜாவைத் தவிர நகரக்கூடிய என் காய்கள் எத்தனை? சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நிற்கின்றனவா? ஒரே ஒரு காய்தான் மிச்சமா? அப்படியானால் அந்தக் காயை எங்கே கொண்டுபோய்ப் போட்டால் எதிராளி எடுத்தே ஆகவேண்டும்?

வெள்ளை: ராஜா எச்1, ராணி பி8, சிப்பாய் எச்4. கறுப்பு: ராஜா எச்7, ராணி எஃப்2, கோட்டை ஏ3, சிப்பாய்கள் ஜி6, எச்5. வெள்ளையின் நகர்வு. இதைப் பலகையில் வைத்துவிட்டு ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கும்வரை பாருங்கள்.

கறுப்புக் கோட்டை ஏ1க்கு வந்தால் கதை முடியும். வெள்ளை ராணி பி1க்குப் போய்க் காத்தால், கோட்டை எச்3க்குப் போய் அங்கே மேட். எந்தப் பக்கம் தடுத்தாலும் இன்னொரு பக்கம் உடைக்கும். எங்கள் விறாந்தையில் இதை வைத்தால் எல்லாரும் ராணியை எப்படிக் காவலுக்குக் கொண்டுவருவது என்றே பார்ப்பார்கள். ராணியை எப்படித் தொலைப்பது என்று பார்க்கிறவர் அபூர்வம்.

வெள்ளை ராஜாவைப் பாருங்கள். ஜி1, ஜி2, எச்2 மூன்றையும் எஃப்2 ராணி ஒன்றே பிடித்துவைத்திருக்கிறது. எச்4 சிப்பாய் எச்5இல் முட்டி நிற்கிறது. அசையக்கூடியது ராணி மட்டும். அந்த ராணியைத் தூக்கி எச்8இல் வையுங்கள், செக்! கறுப்பு ராஜா ஜி8க்கோ ஜி7க்கோ எச்6க்கோ போக முடியாது, எல்லாவற்றையும் எச்8 ராணி பார்க்கிறது. ஜி6இல் சொந்தச் சிப்பாய். எடுக்க வேண்டும், வேறு வழியில்லை. எடுத்ததும் ஸ்டேல்மேட். இதை முதல் தடவை கண்டபோது ஏறாவூர்ப் பையன் ஒருவன் “மறுகா?” (பிறகு?) என்று கேட்டான். மறுகா ஒன்றுமில்லை மனே, காயை அடுக்கு.

இதன் பெரிய அண்ணன் விசர்க் கோட்டை. பெயர் எங்கள் பிள்ளைகள் வைத்தது. மிச்சம் இருப்பது ராணிக்குப் பதில் கோட்டை என்றால், அது எதிர் ராஜாவின் பக்கத்தில் போய் நின்று விடாமல் செக் கொடுத்துக்கொண்டே இருக்கும். எடுத்தால் ஸ்டேல்மேட், எடுக்காவிட்டால் மீண்டும் செக். 1963/64 அமெரிக்கச் சம்பியன்ஷிப்பில், பிஷர் 11 ஆட்டங்களில் 11ஐயும் வென்ற அதே போட்டியில், எவன்ஸ் முதலில் ராணியை ஜி8இல் கொடுத்தார், பிறகு கோட்டையை ஜி7இல் செக்காக வைத்தார். எதிரே இருந்தவர் ரெஷெவ்ஸ்கி. பாவம், 1942இலும் அதே சம்பியன்ஷிப்பில் பில்னிக் என்பவர் ராணியைப் பலிகொடுத்து அவரிடமிருந்து ஸ்டேல்மேட் பிடுங்கியிருந்தார்.

ஒரு எச்சரிக்கை. உங்களுக்கு இன்னொரு சிப்பாய் ஒரு மூலையில் நகரக்கூடியதாக இருந்தால் இந்த வித்தை வேலை செய்யாது. அப்போது முதல் வேலை அந்தச் சிப்பாயைத் தள்ளி எங்கேயாவது முட்டவைப்பது, இல்லாவிட்டால் கொடுத்துத் தொலைப்பது.

அறிகுறி 4: ஒரு காய் எப்படியும் போகப்போகிறது

போகிற காய் போகட்டும், சும்மா போகக்கூடாது. போகிற வழியில் ஒரு சிப்பாயையாவது வெட்டிவிட்டுப் போகட்டும், அல்லது எதிர் ராஜாவின் முன்னால் இருக்கும் வேலியை உடைத்துவிட்டுப் போகட்டும். அதுவும் முடியாவிட்டால், அதைக் காப்பாற்றச் செலவழிக்கும் இரண்டு நகர்வை வேறெங்காவது செலவழியுங்கள். இதற்கு மேல் இந்த அறிகுறியில் பெரிதாக ஒன்றுமில்லை.

அறிகுறி 5: எதிராளியின் சிப்பாய் ஓடுகிறது, உங்கள் ராஜா எட்டாத தூரத்தில்

கட்டம் எண்ணிப் பார்த்து “பிடிக்க ஏலாது” என்று முடிவெடுத்திருப்பீர்கள். எண்ணியது சரியாகவே இருக்கும். ஆனால் ராஜா ஒரே நடையில் இரண்டு வேலை பார்க்குமா என்று எண்ணிப் பார்த்தீர்களா?

1921இல் ரெட்டி அமைத்த ஒரு நிலை இருக்கிறது. பலகையில் மொத்தம் நாலு காய். வெள்ளை ராஜா எச்8, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளையின் நகர்வு. வெள்ளை ட்ரோ எடுக்க வேண்டும். எச் சிப்பாயைத் துரத்த வெள்ளை ராஜாவுக்கு இரண்டு நகர்வு பிந்திவிட்டது. தன் சிப்பாய்க்குத் துணை போகவும் தூரம். இரண்டும் ஏலாது.

ராஜா நேராக இறங்காமல் மூலைவாட்டில் இறங்குகிறது: ஜி7. கறுப்பு சிப்பாயை எச்4க்குத் தள்ளுகிறது. ராஜா எஃப்6. இப்போது சிப்பாய் மேலும் ஓடினால் ராஜா ஈ7க்குப் போய் சி சிப்பாய்க்குத் துணையாகிவிடும், இரண்டு பேரும் ராணி எடுப்பார்கள். அதற்குப் பயந்து கறுப்பு ராஜா பி6க்கு வந்தால், வெள்ளை ராஜா ஈ5. இங்கேதான் அழகு. கறுப்பு சி6 சிப்பாயை எடுத்தால் வெள்ளை ராஜா எஃப்4 வந்து எச் சிப்பாயைப் பிடித்துவிடுகிறது. எடுக்காமல் சிப்பாயை ஓட்டினால் ராஜா டி6க்குப் போய்விடுகிறது. சிப்பாயைக் காப்பாற்றப் போகிறேன் என்று மிரட்டியே ராஜா பிந்திய இரண்டு நகர்வையும் சம்பாதித்துவிட்டது. செஸ் பலகையில் மூலைவாட்டில் நடந்தாலும் நேராக நடந்தாலும் ஒரே எண்ணிக்கைதான். வயல் வரம்பில் நடந்து பழகிய நமக்கு அது நம்பக் கஷ்டமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அறிகுறி 6: காய்கள் குறைந்துபோன ஆட்டத்தின் இறுதிப் பகுதி, உங்களுக்கு ஒன்றிரண்டு சிப்பாய் குறைவு

இங்கே தேட வேண்டாம், தெரிந்திருக்க வேண்டும். மருந்துப் பெட்டியில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பது மாதிரி.

எதிராளியிடம் ஒரு பிஷப்பும் ஓரச் சிப்பாயும் மட்டுமா? அந்தச் சிப்பாய் ராணியாகும் மூலைக்கட்டத்தின் நிறமும் பிஷப் நடக்கும் நிறமும் வேறு வேறா? அப்படியானால் உங்கள் ராஜாவை அந்த மூலைக்குக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். யாராலும் அசைக்க முடியாது. வெள்ளைக்கு ஏ சிப்பாய் என்றால் ஏ8 வெள்ளைக் கட்டம். அவருடைய பிஷப் கறுப்புக் கட்டத்தில் நடக்கிறதென்றால் ட்ரோ. இதை அறிந்தவர், கையில் மிச்சமிருக்கும் குதிரையைக் கொடுத்தாவது எதிராளியின் மற்றச் சிப்பாய்களைத் துடைத்துவிட்டு மூலைக்கு ஓடுவார்.

இரண்டு பக்கமும் கோட்டை, எதிராளிக்கு ஒரு சிப்பாய் கூட என்றால் பிலிடோர் 1777இல் விளக்கிய முறை. சிப்பாய் ஈ5, எதிர் ராஜா டி5, உங்கள் ராஜா ஈ8 என்று வையுங்கள். உங்கள் கோட்டையை ஆறாவது வரிசையில் நிறுத்துங்கள், எதிர் ராஜா மேலே ஏற முடியாது. சும்மா அந்த வரிசையிலேயே அங்கும் இங்கும் போய்வாருங்கள். பொறுமை கெட்டுச் சிப்பாய் ஈ6க்கு வந்த கணம், கோட்டையை முதலாம் வரிசைக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் கொடுங்கள். ராஜாவுக்கு ஒளிய இடம் கிடையாது, ஏனென்றால் ஒளிய வேண்டிய கட்டத்தில் அவருடைய சிப்பாயே நிற்கிறது. பிள்ளைகள் விடும் பிழை ஒன்றே ஒன்று: சிப்பாய் முன்னேற முன்னமே அவசரப்பட்டுப் பின்னால் ஓடுவது.

நீங்கள் சிப்பாயோடும் எதிராளி ராணியோடும் நிற்கிறீர்கள், அவருடைய ராஜா தூரத்தில் என்றால், ஏழாவது வரிசைக்கு வந்துவிட்ட சி அல்லது எஃப் சிப்பாய் உங்களைக் காப்பாற்றும். ராஜா பி7, சிப்பாய் சி7, எதிர் ராணி பி வரிசையில் செக். ராஜாவைச் சிப்பாயின் பக்கத்தில் வைக்காமல் ஏ8 மூலைக்குப் போங்கள். ராணி சிப்பாயை எடுத்தால் ஸ்டேல்மேட். ஓரச் சிப்பாயும் இதே மாதிரி உதவும், நடுச் சிப்பாய்கள் உதவாது.

அறிகுறி 7: எதிராளிக்கு எல்லாம் கூட, ஆனால் அவருடைய ராஜா வெளியில் நிற்கிறது

உங்களிடம் ராணி இருக்கிறதா? தொடர்ந்து செக் கொடுக்க இரண்டு கட்டம் கிடைக்கிறதா? கிடைத்தால் போதும். ஆனால் “தொடர் செக்” என்று சொல்லி ட்ரோ கேட்க விதியில் இடமில்லை, பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். ஒரே நிலை, ஒரே ஆளின் நகர்வோடு, மூன்றாவது தடவை வர வேண்டும். மூன்றும் அடுத்தடுத்து வர வேண்டும் என்றில்லை. அந்த மூன்றாவது நிலையை உண்டாக்கப் போகும் நகர்வை முதலில் நகர்வுகள் குறிக்கும் தாளில் எழுதுங்கள், காயைத் தொடாதீர்கள், மணிக்கூட்டை நிறுத்தி நடுவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். காயை நகர்த்தி மணிக்கூட்டையும் அடித்துவிட்டால் அந்தத் தடவை கேட்கும் உரிமை போய்விட்டது. கேட்டது பிழையென்றால் எதிராளிக்கு 2 நிமிடம் கூட்டிக் கொடுப்பார்கள். தாளை ஒழுங்காக எழுதாத பிள்ளை இங்கே கையைப் பிசைய வேண்டியதுதான்.

அறிகுறி 8: தப்பும் வழி கிடைத்துவிட்டது, கை பறக்கிறது

கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்காருங்கள். கண்டுபிடித்த சந்தோஷத்தில் எதிராளிக்கும் ஒரு வழி இருக்குமா என்று பார்க்க மறந்துபோகும்.

1895இல் கிளாஸ்கோவில் ஒரு பத்திரிகை ஒரு நிலையை ட்ரோ என்று வெளியிட்டது. கறுப்பு ராஜா ஏ1, கோட்டை டி4. வெள்ளை ராஜா சி2, சிப்பாய் சி7, வெள்ளையின் நகர்வு. இது அந்த நிலையிலிருந்து சில நகர்வுகள் போன பிறகு வருவது. சிப்பாய் ராணியானால் கறுப்புக் கோட்டை சி4இல் செக், ராணி எடுத்தால் ஸ்டேல்மேட். கறுப்புக்கு அருமையான தப்பும் வழி. அந்த ஊரில் இருந்த சாவெத்ரா என்ற ஸ்பானியப் பாதிரியார் பார்த்துவிட்டு, ராணி எதற்கு, கோட்டையாக மாற்றினால் என்ன என்றார். கோட்டையாக மாற்றினால் ஸ்டேல்மேட் இல்லை. ஏ8இல் மேட் மிரட்டல். கறுப்பு கோட்டையை ஏ4க்குக் கொண்டுவந்து தடுத்தால், வெள்ளை ராஜா பி3: கோட்டைக்கும் ஆபத்து, சி1இல் மேட்டும் வருகிறது.

அதனால் உங்கள் வித்தையைப் போடுமுன் எதிராளி அதை எடுக்கத்தான் வேண்டுமா, வேறு கட்டம் இருக்கிறதா, எடுப்பதற்கு முன்னால் வேறு செக் இருக்கிறதா, ராணிக்குப் பதில் கோட்டையோ குதிரையோ எடுக்கலாமா என்று ஒருதடவை அவருடைய கதிரையில் இருந்து பாருங்கள். மேலே சொன்ன எச்8 ராணியில் அவருக்கு ஒரு கட்டமும் மிஞ்சவில்லை, அதனால் அது தாராளமாகப் போடலாம். விசர்க் கோட்டை அப்படியில்லை. அவருடைய ராஜா நடந்து நடந்து வந்து, செக் கொடுக்கும் கோட்டையை ராணியாலோ பிஷப்பாலோ எடுக்கக்கூடிய கட்டத்துக்கு உங்களை இழுத்துவிடலாம். அவர் எடுக்கும் அந்தக் காய் விலகியதால் உங்கள் ராஜாவுக்கு ஒரு கட்டம் திறந்தால், ஸ்டேல்மேட்டும் போயிற்று, கோட்டையும் போயிற்று. எந்தக் காய் உங்கள் ராஜாவைப் பூட்டி வைத்திருக்கிறதோ, அந்தக் காயின் பாதையில் கோட்டையைக் கொண்டுபோய் வைக்காதீர்கள்.